ஓரத்தில் எழுதிய வரிகள்

கல்விக்கு வயது இல்லை என்று பெரியோர் சொல்வதுண்டு. அதை நம்பி, என் ஐம்பத்திரண்டாவது வயதில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டத்துக்குத் தபால் வழியில் படிக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டனர். என் கணவர் தில்லி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் சமயம். 2009-ஆம் ஆண்டில் அப்படிப்பின் நடுவே நான் கற்ற ஒன்றைச் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

இலக்கியம் என்றால் கதையையும் கவிதையையும் படித்து இன்புறுவதே என்று அதுவரை எண்ணியிருந்தேன். முதுகலைப் படிப்பில் எழுந்த முதற் கேள்வியே வேறு. ஒரு நூலின் பொருள் எங்கே இருக்கிறது? எழுதியவர் உள்ளத்திலா, அச்சிட்ட எழுத்திலா, படிப்பவர் மனத்திலா? கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆசிரியர், கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, மனத்தில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். பெயர் தெரியாதபோது நன்கு கற்றவர்களும் தடுமாறினர். அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து அவர் 1929-இல் ஒரு நூலே வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1967-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, நூலின் பொருளுக்கு ஆசிரியரை எஜமானர் ஆக்கக் கூடாது, வாசகருக்கே இடம் தரவேண்டும் என்று வாதிட்டார்.

இவர்கள் எல்லோரிலும் என் மனத்தைக் கவர்ந்தவர் கவிஞர் கோல்ரிட்ஜ். புத்தகங்களின் ஓரமெல்லாம் தம் கருத்துக்களை எழுதிவைப்பது அவர் வழக்கம். இரவல் புத்தகமும் அதற்கு விலக்கன்று. அவருக்கு இரவல் கொடுத்த புத்தகம் மதிப்பு உயர்ந்தே திரும்பும் என்று நண்பர் சார்லஸ் லாம் 1820-இல் ஒரு கட்டுரையில் வேடிக்கையாக எழுதினார். அந்த ஓரக்குறிப்புக்களைத் திரட்டி, 1980 முதல் 2001 வரை ஆறு பெரிய பகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள்.

வாசகரின் பெருமையைப் பற்றி நானும் ஒரு நீண்ட கட்டுரை எழுதி அனுப்பினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதே மாதத்தில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சிறிய பிளாட்டுக்குக் குடிபோக வேண்டியிருந்தது. என் மாமியார் 1950-இல் தஞ்சை ஜில்லாவிலிருந்து புதுமணப் பெண்ணாகத் தில்லிக்கு வந்தவர். அவ்வாண்டில்தான் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கிற்று. 1954-இல் முடியும் வரையில் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாகப் பைண்டு செய்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். புத்தகமாகவே கடையில் கிடைக்கிறதே, இந்தப் பழுத்த காகிதம் எதற்கு என்று எண்ணினேன். அவரை ஒரு வார்த்தை கேளாமல், மேலே இருந்த மூன்று பாகங்களைப் பழைய பத்திரிகைகளோடு கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அடியில் கிடந்த இரண்டு பாகங்கள் மட்டும் என் கண்ணில் படாமல் தப்பின.

புது வீட்டில் பெட்டியை ஒழித்தபோதுதான் அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் எழுத்து! 'தபால் மூன்று நாள் தாமதம்.' 'கரோல்பாக்கில் முருங்கைக்காய் கிடைத்தது.' வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொள்ளும் ஓரிடத்தில், 'இந்தப் பிள்ளைக்கு எப்போது புத்தி வரும்?' குந்தவை வரும் ஓரிடத்தில், 'எனக்கு இப்படி ஓர் அக்கா இல்லையே.' பாஷை தெரியாத ஊரில், பேச்சுத்துணை இல்லாத பத்தொன்பது வயதுப் பெண் கதையோடு பேசியிருக்கிறாள்.

"அம்மா, மற்றப் பாகங்களிலும் எழுதியிருக்கிறீர்களா?" என்று நெஞ்சு படபடக்கக் கேட்டேன்.

"எழுதாமல் என்ன? மூணாம் பாகத்தை எடுத்துப் பாரேன். உன் நாத்தனார் பெயர்கூட இருக்கும்" என்றார்.

"எனக்கு நாத்தனார் ஏதம்மா?"

"இருந்தாள், இருபது நாள். 1952-லே. போட்டோ எடுக்கவெல்லாம் அப்போ எங்கே வசதி? பெயர் வைத்த வாரம் வந்த பக்கத்திலே எழுதி வைத்தேன். வேறெங்கும் அது கிடையாது."

நான் உண்மையைச் சொன்னேன். பழைய கபாடிவாலாவைத் தேடி அலைந்தும் பயனில்லை என்பதையும் மறுநாள் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு எப்படித் தெரியும், பாவம்" என்றார். கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசகரைப் பற்றிக் கட்டுரை எழுதிய எனக்கு, முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்த வாசகரைத் தெரியவில்லை!

சில நாட்களுக்குப் பின் இரண்டாம் பாகத்தையும் ஒரு பென்சிலையும் அவர் மடியில் வைத்து, "அந்தப் பெயரை இதில் எழுதுங்கள், அம்மா" என்று வேண்டினேன். கை நடுங்கியது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மெல்ல எழுதினார். அன்று மாலை முழுவதும் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார். என் கணவருக்கும் தம் தமக்கையின் பெயர் அன்றுதான் தெரிந்தது.

2016-இல் மாமியார் காலமானார். எம்.ஏ. பட்டத்தாள் ஓர் உறையில் கிடக்கிறது. அந்த இரண்டு பாகங்களோ என் மேஜைமேல் இருக்கின்றன. ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளில், குடிமாறும்போதெல்லாம் பழைய கட்டுக்கள் கழிக்கப்படுகின்றன. கழிப்பதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எழுதியவர் இன்னும் இருந்தால், அருகில் உட்கார்ந்து அவரையே கேளுங்கள்.