கீல் பக்கம் வாத்தியார்

நெம்புகோலைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த நல்ல கருவி வகுப்பறைக் கதவு. எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, காசு கேட்காது. கீலை ஒட்டி நான் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவேன். வகுப்பிலேயே பொடியாக இருக்கும் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம், கைப்பிடி ஓரத்தில் நின்று எதிர்த்துத் தள்ள வேண்டும். வாத்தியார் தோற்றுப்போவார். வகுப்பு கொஞ்ச நேரம் அடங்காது, அடங்கவும் வேண்டாம். யாராவது ஒருவன், "சார், நீங்க இந்த ஓரத்துக்கு வாங்க, நான் அங்க நிக்கிறேன்" என்பான். பாடம் தொடங்கிவிட்டது. 'நெம்புகோல்' என்ற சொல்லை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

எட்டு, ஒன்பது வயதில் பெயரை முதலில் கொடுத்தால் பெயர் மட்டும்தான் தங்கும். ஆதாரப்புள்ளி, பளு, விசை என்று கடகடவென ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஒரு கம்பைக் கொடுத்து மூட்டையை நெம்பச் சொல்லுங்கள். கம்பின் நடுவில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்ற பாகுபாடெல்லாம் பெரிய வகுப்புக்குப் போன பிறகு வரட்டும்.

கதவுக்கு அடுத்து 30 சென்டிமீட்டர் ஸ்கேல். அடியில் முழுப் பென்சிலை வைத்தால் உருண்டு ஓடும். தீப்பெட்டி வைத்தால் அகலம் அதிகம், எங்கே சமன் ஆகிறது என்றே தெரியாது. துண்டுப் பென்சிலைக் களிமண்ணில் பாதி புதைத்து வைப்பதுதான் சரி. முதலில் வெறும் ஸ்கேலை 15இல் நிறுத்தச் சொல்லுங்கள். 10இல் வைத்தால் ஸ்கேலின் சொந்த எடையே ஒரு பக்கம் சாய்த்துக் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு நாணயம். நடுவிலிருந்து 5 சென்டிமீட்டரில் இரண்டு ஒரு ரூபாய். மறுபக்கம் ஒரே ஒரு ஒரு ரூபாய், அதை எங்கே வைப்பது? நகர்த்தி நகர்த்தித் தேடட்டும், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டரில் நிற்கும். அடுத்து மூன்று நாணயத்தை நடுவிலிருந்து 4 சென்டிமீட்டரில் வைத்துவிட்டுக் கேட்டால், எவளாவது ஒருத்தி நாணயத்தைத் தொடாமலே "பன்னெண்டு" என்பாள். ஒன்று மட்டும் கவனம்: பழைய ஒரு ரூபாய் எடை கூடியது, புதியது குறைந்தது. இரண்டையும் கலந்தால் அரை மணி நேரம் வீண்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளும் நெம்புகோல் என்றால் சும்மா கிடைக்கிற பலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நெம்புகோல் எதையும் சும்மா தருவதில்லை. விசையில் மிச்சப்படுத்தியதைத் தூரத்தில் வாங்கிக்கொள்கிறது. எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கத் தேர் இருக்கிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் நிலையிலிருந்து கிளம்ப, வடம் பிடிப்பவர்கள் மட்டும் போதாது; சக்கரத்துக்குப் பின்னால் கனத்த மரங்களைக் கொடுத்து நெம்ப வேண்டும். மரத்தின் நுனி எவ்வளவு இறங்கியது, சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்று கேளுங்கள். "கொஞ்சூண்டுதான் சார்" என்று விரலிடுக்கில் காட்டுவார்கள்.

ஆனால் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கத் தறிதான் வசதி. எங்கள் ஊர் பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியில் மேலே பாருங்கள், குறுக்காக ஒரு நீளக் கட்டை இருக்கும். நெசவாளர் குழிக்குள் மிதியை அழுத்தக் கயிறு அந்தக் கட்டையின் ஒரு முனையைக் கீழே இழுக்கும். பெட்டிக்குள் கொக்கிகள் எழும்பிப் பாவு இழைகளைத் தூக்கும். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் செய்துகாட்டிய பொறியை இங்கே இன்றும் ஓட்டுவது ஒரு கால். கால் இறங்கும் தூரத்தையும் கொக்கி எழும் தூரத்தையும் பிள்ளைகள் நூல் பிடித்து அளக்கலாம்; கயிற்றை வேறு இடத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று வாதாடலாம்.

இந்த ஊரில் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த கதை வேறு. கரையைத் தனி நாடாவில் நெய்து சேர்க்கும் கோர்வைச் சேலைக்கு, ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளச் சிறுவர்களை உட்காரவைத்த காலம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அதனால் தறியைப் பார்க்க அழைத்துப் போகும்போது நான் ஒன்றில் கண்டிப்பு: அளக்கலாம், கேட்கலாம், வரையலாம், வேலை மட்டும் கிடையாது.

அரசுப் பள்ளிகளில் செய்து பார்த்து அறிவியல் கற்க 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது, நல்ல காரியம். ஆனால் அது 6 முதல் 8 வரைக்கும்தான். கதவு மூன்றாம் வகுப்பிலும் இருக்கிறது.

நெசவாளர் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பாவு ஓடும் தறியில் பிள்ளைகளை விட முடியாது. ஒரு தப்பு மிதிக்கு எத்தனை இழை அறும் என்று உங்களுக்கே தெரியும். பாவு ஏற்றாமல் சும்மா நிற்கும் தறி உங்களிடம் இருந்தால், பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பத்துப் பத்துப் பேராகக் கூட்டி வருகிறோம்.