ஸ்பிரிங் உட்கார்ந்தால் வண்டியைத் தூக்கலாமா?

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசல்காட்டுப் பாதைகள் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தோடு டிராக்டர் ஓடினால் சக்கரம் போன இடம் இரண்டு பக்கமும் ஒரு சாண் பள்ளமாகி, நடுவில் மேடு நின்றுகொள்ளும். வெயில் அடித்ததும் அந்த மேடு செங்கல்லாக இறுகிவிடும். டிராக்டருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் அதே தடத்தில் கார் போனால் அடிவயிறு தட்டும்.

இந்தப் பாதைகளை நம்பித்தான் கிராமங்களில் பழைய பெரிய வண்டிகளை வாங்குகிறார்கள். டாடா சஃபாரி 1998-லும், மஹிந்திரா பொலேரோ 2000-லும், ஸ்கார்பியோ 2002-லும் சந்தைக்கு வந்தவை. நகரத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிக் களைத்த வண்டி, ஒரு ஜோடி உழவு மாட்டின் விலையை ஒட்டிய தொகைக்கு ஊருக்குள் வந்து சேருகிறது. வந்த பிறகு அது காராக மட்டும் இருப்பதில்லை. உர மூட்டை, மாட்டுத்தீவனம், மோட்டார், பைப்பு எல்லாம் அதில்தான் ஏறும். இரண்டு மூன்று வருடத்தில் பின்பக்கம் தாழ்ந்துபோகும். "ஸ்பிரிங் உக்காந்துருச்சு" என்பார் மெக்கானிக். அடுத்ததாக வரும் கேள்வி, "காயலாங்கடையில பழைய ஸ்பிரிங் வாங்கிப் போட்டு வண்டியைத் தூக்கிரலாமா?"

ஒரு குடும்பத்தின் கணக்கு

கள்ளிக்குடி பக்கம் ஒரு விவசாயி. நான்கு ஏக்கர் மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றடியில் அரை ஏக்கர் மல்லிகையும் வைத்திருக்கிறார். 2009-ல் பதிவான சஃபாரி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். அதிகாலையில் பூவை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவருடைய தாயார். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர். தோட்டத்து வீட்டிலிருந்து தார்ச்சாலை ஒன்றரை கிலோமீட்டர். மழைக்காலத்தில் அந்த ஒன்றரை கிலோமீட்டரைக் கடப்பதுதான் பாடு. சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

ஒரு ஐப்பசியில் வண்டி நடுமேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சைலன்சர் குழாய் நசுங்கியது. தாயாரை உள்ளே வைத்துக்கொண்டே டிராக்டர் கட்டி இழுத்தார்கள். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் வரமாட்டேன்யா. வீட்லயே கிடந்துக்கிறேன்" என்று அந்த அம்மா சொன்னது மகனுக்கு உறைத்தது.

அடுத்த வாரமே, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் இரண்டு பின் ஸ்பிரிங் வாங்கினார். புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் பழையதைவிட இரண்டு விரல்கடை உயரம். ஊர்ப்பட்டறையில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் எழும்பி நின்றது. "பாத்தீங்களாண்ணே, கெடா மாதிரி நிக்குது" என்றார் பட்டறைத் தம்பி.

சந்தோஷம் பத்து நாள் தாங்கவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வெறும் வண்டியாகப் போனால் ஒவ்வொரு குழியும் முதுகில் அடித்தது. "கட்டை வண்டியே தேவலைடா" என்றார் தாயார். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் மூக்குக்கு முன்னால் விழுந்தது. நான்குவழிச்சாலையில் ஒரு மழைநாள், தீவன மூட்டையோடு வரும்போது பிரேக் அடித்தால், வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் வண்டி நின்றது. அன்று தாயார் வண்டியில் இல்லை. இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்த பிறகு அவரால் அந்த வண்டியை அப்படியே ஓட்ட முடியவில்லை.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

திருமங்கலத்தில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தார். உயரம் ஒன்றுதான், சுற்றும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கம்பி 13 மில்லிமீட்டர், மற்றது 14. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். காயலாங்கடையில் இரண்டு வெவ்வேறு வண்டியின் ஸ்பிரிங்கை ஜோடி என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் கனத்தை நான்கு முறை பெருக்கினால் வரும் அளவில் கூடுகிறது. 13-ஐ நான்கு முறை பெருக்கினால் 28,561. 14-ஐப் பெருக்கினால் 38,416. சுருளின் அகலமும் சுற்றின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விறைப்பானது.

இதைப் பாரத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கின் மேலும் 400 கிலோ நிற்பதாக வைத்துக்கொள்வோம். 13 மில்லிமீட்டர் ஸ்பிரிங் 4 கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் அமுங்கும் என்றால், மொத்தம் 100 மில்லிமீட்டர் அமுங்கும். 14 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஒரு பக்கம் மட்டும் ஓர் அங்குலம் உயர்ந்துவிடும். சாய்வு வந்த வழி இதுதான்.

இங்கே இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வயதான ஸ்பிரிங்கின் விறைப்பு பெரும்பாலும் குறைவதில்லை, உயரம்தான் குறைகிறது. அளவுக்கு மீறிய பாரத்தை வருடக்கணக்கில் தாங்கிய கம்பி, பழைய உயரத்துக்குத் திரும்புவதை விட்டுவிடுகிறது. அதனால் அதைவிட உயரமான ஸ்பிரிங்கைப் போட்டதும் வண்டி எழுவதைப் பார்த்து, 'பழைய ஸ்பிரிங்கே நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். எழுந்தது எதனால், உயரத்தாலா விறைப்பாலா என்பதைப் பார்க்காமல் விட்டால் சிக்கல்.

தூக்கினாலும் உயராத இடம்

மெக்கானிக் அதன் பிறகு செய்ததுதான் முக்கியமானது. வண்டிக்கு அடியில் படுத்து, நடுமேடு தட்டிய தழும்பு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினார். பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில்தான் பெரிய தழும்பு. சைலன்சர் குழாய் அதற்கு அடுத்ததுதான்.

சஃபாரி, ஸ்கார்பியோ, பொலேரோ மூன்றுக்கும் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒற்றை ஆக்சில். ஸ்பிரிங் அந்த ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே போவது வண்டியின் உடம்புதான். ஆக்சிலும் அந்த உருண்டையும் சக்கரத்தோடு பழைய உயரத்திலேயே நிற்கும். தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கூட்ட ஸ்பிரிங்கால் முடியாது. செலவு செய்து தூக்கிய பிறகும் அதே மேட்டில் அதே இடம் தட்டும்.

எல்லா வண்டிக்கும் அமைப்பு ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சஃபாரிக்கும் ஸ்கார்பியோவுக்கும் பின்னால் சுருள் ஸ்பிரிங். பொலேரோவுக்குப் பின்னால் பட்டை வில். பழைய சஃபாரிக்கு முன்னால் சுருளே கிடையாது, முறுக்குக் கம்பிதான். அதை போல்ட்டைத் திருகி உயர்த்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அளவு மீறித் திருகினால் முன்சக்கரங்களின் கோணம் மாறி, டயரின் ஓரம் தேயும். ஸ்டியரிங்கும் நேர் நிற்காது.

உயரம் கூடினால் மாறுபவை

வைக்கோல் பாரத்தை உயரமாக ஏற்றிய வண்டி திருப்பத்தில் எப்படி ஆடும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூக்கிய வண்டியும் அப்படித்தான். சக்கரங்களின் அகலம் அதேதான்; பாரம் மட்டும் மேலே போய்விடுகிறது. நாய் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்கும் நேரத்தில் அந்த இரண்டு அங்குலம் தன் வேலையைக் காட்டும்.

பிரேக் விஷயம் பலருக்குத் தெரியாதது. சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் சின்னக் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும. பின்னால் பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், உயர்ந்தால் குறைப்பதும் அதன் வேலை. ஸ்பிரிங்கை உயர்த்தினால், மூட்டை ஏற்றிய வண்டியையும் அது வெறும் வண்டி என்றே எண்ணிக்கொள்ளும். பின் பிரேக் பிடிப்பு குறையும். கள்ளிக்குடி விவசாயியின் வண்டி தள்ளிப் போய் நின்றதற்கு மெக்கானிக் சொன்ன காரணம் இதுதான்.

ஷாக் அப்சார்பரின் நீளமும் பிரேக் ஹோஸின் நீளமும் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தவை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது.  அப்படி நின்றால் அந்த ஸ்பிரிங் அந்த வண்டிக்கு ஆகாது.

பழையதை வாங்கத்தான் வேண்டுமென்றால்

வீட்டு விதையை விதைக்கும் முன் ஈரச்சாக்கில் போட்டு முளைப்பைப் பார்க்கிறோம். பழைய ஸ்பிரிங்குக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. உங்கள் வண்டியின் அதே மாடலிலிருந்து, ஒரே வண்டியில் இருந்த இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். முடிந்தால் அந்த வண்டியில் இருக்கும்போதே பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள். சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். கம்பியின் கனத்தை இரண்டு மூன்று இடத்தில் வெர்னியரால் அளந்து, சுற்றை எண்ணுங்கள். பிறகு இரண்டையும் லேத் பட்டறையின் பிரஸ்ஸில் ஒரே பாரம் வைத்து அமுக்கிப் பார்த்தால், ஜோடியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கீழ்ச்சுற்றில்தான் சேறு தங்கும். துரு அங்கேதான் குழி பறிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். குழியோ, கீறலோ தெரிந்தால் வேண்டாம். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கிரைண்டரால் அறுத்த நுனியோ, கேஸ் வைத்துச் சூடாக்கிய நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். சூடேறிய எஃகு தன் வலுவை இழந்திருக்கும். இழுத்து உயரமாக்கிய ஸ்பிரிங் சீக்கிரமே மறுபடி உட்கார்ந்துவிடும்.

மாட்டும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கும். அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் ஆளை அடித்துவிடும். அது பட்டறை வேலை, வீட்டு வேலை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த அதே அளவு ஸ்பிரிங்கை மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியின் அமைப்பை மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் காட்ட வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. விபத்து நடந்தால், மாற்றம் செய்த வண்டி என்று இன்சூரன்ஸிலும் கேள்வி எழும்.

கடைசியில் செய்தது

கள்ளிக்குடி விவசாயி அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் திருப்பிக் கொடுத்தார். பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. அதே மாடல் வண்டியிலிருந்து சரியான ஜோடி ஒன்றைச் சோதித்து வாங்கி, ஷாக் அப்சார்பரை மட்டும் புதிதாகப் போட்டார். வண்டி கம்பெனி உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏற்றவில்லை.

மீதி உயரத்தைப் பாதையில் தேடினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து, மழை விட்டு மண் பதமாக இருந்த நாளில் டிராக்டரில் பிளேடு கட்டி நடுமேட்டைச் சீவினார்கள். சீவிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளி, தண்ணீர் தேங்கும் இரண்டு இடத்தில் சரளை அடித்தார்கள். ஓரத்தில் வாய்க்கால் வெட்டி மழைநீரை வெளியே திருப்பினார்கள். ஆளுக்கு ஆன செலவு, அவர் ஸ்பிரிங்கில் இழந்த பணத்தைவிடக் குறைவு. நடுமேடு நான்கு விரல்கடை இறங்கியது. எந்த ஸ்பிரிங்கும் தராத இடைவெளி அது. டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஒவ்வொரு மழைக்கும் பிறகு தடம் மறுபடி விழும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சீவ வேண்டியிருக்கிறது. உர மூட்டையும் தீவனமும் இப்போது டிராக்டர் டிரைலரில் போகின்றன. சஃபாரியில் பூக்கூடை ஏறும், தாயார் ஏறுவார். ஸ்பிரிங்கை உட்கார வைத்தது பாரம்தான் என்பதால், பாரத்தைக் குறைக்காமல் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் அது சில வருடத்தில் மறுபடி காயலாங்கடைக்கே போகும்.