மாமாவின் வயிறு

எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் நாலைந்து உண்டு. 1970-களில் நான் வேலைக்குப் புதிது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், பான்சியோன் கடிதம் எழுத என்னைத்தான் தேடி வருவார்கள்.

எதிர்வீட்டு மாமா இந்தோசீனாவில் சண்டை போட்டவர். 1954-இல் திரும்பினார். உடம்பில் ஒரு குண்டுக் காயம்கூடக் கிடையாது. வயிறுதான் கெட்டுப்போயிருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டார். வெளியூர் போகமாட்டார். மாதுளந்தோல் கஷாயமும் சுண்டைவற்றலுமாகக் காலம் தள்ளினார்.

போரில் கெட்ட உடம்புக்கு உதவித்தொகை தரும் பிரெஞ்சுச் சட்டம் 1919-ஆம் வருஷத்தது. காலோ கையோ போனால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்கு என்ன அத்தாட்சி? பட்டாளத்தில் சேர்ந்து 90 நாள் கழிந்த பிறகு, வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் அந்த நோய் மருத்துவர் கையால் பதிவாகியிருந்தால், ராணுவ சேவையால் வந்தது என்று அவர்களே அனுமானித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில்.

“வயிறு சரியில்லை தம்பி” என்றார் மாமா. நான் மேலே கேட்கவில்லை. பெரியவரிடம் எப்படிக் கேட்பது? மரியாதையாக “மால் ஓ வாந்த்ர்” என்று எழுதினேன். வெறும் வயிற்றுவலி! மனு தள்ளுபடி. இந்த உபத்திரவம் மனுதாரரின் ஊரிலேயே சகஜம் என்று பதில் வந்தது. அதுவும் பொய்யில்லை. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலும் அமீபா உண்டு.

மேல்முறையீடும் நானே எழுதினேன். ரசீனும் மொலியேரும் படித்த கர்வம். பிரான்சுக்காக உழைத்த வீரர், நன்றிக்கடன் என்று நாலு பக்கம். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதுவும் தள்ளுபடி.

பிறகு ஒருநாள் காப்பி கொடுத்தபடி அத்தை சொன்னார்: “வயித்து வலியா? இரத்தமும் சீதமுமா இல்ல போச்சு. சைகோன் ஆஸ்பத்திரியில படுக்கவச்சு ஊசி போட்டாங்களாம். அந்தச் சீட்டுகூடப் பெட்டியில கெடக்குது.”

தகரப்பெட்டியின் அடியில், சீருடைக்குக் கீழே, நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அமீபா சீதபேதி, எமட்டின் ஊசி, அனுமதித்த தேதி எல்லாம் அதில் இருந்தன. அதை இணைத்து, ஒரே பக்கத்தில் புது மனு போட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். சதவீதம் போட்டுத் தொகை தந்தார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் வந்தது.

ஒன்றுதான் உறுத்தல். மனுப் போட்ட தேதியிலிருந்துதான் பணம் கணக்காகும். புது மனு என்பதால் முதல் மனுவுக்கும் அதற்கும் நடுவில் இருந்த இரண்டு வருஷம் போனது போனதுதான். முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கும்.

இதை மாமாவிடம் நான் சொல்லவேயில்லை. அவரோ தெருவில் யாரைப் பார்த்தாலும், “தம்பி எழுதின லெத்தர்ல வந்த காசு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பணம் வந்தபோது எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் என் மேஜையில் இருக்கிறது. மை ஊற்றுவதில்லை.