உறுதிமொழியும் உத்தரவாதமும்

ஒன்றுபோல் தோன்றும் இரு சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது தமிழ் பயிற்றுவிப்போரின் தொழில்களுள் ஒன்று. வகுப்பில் நாம் அதனைச் செய்யும்போது மாணவர்கள் பலர் பொறுமையிழப்பர். 'உறுதிமொழி, உத்தரவாதம், எல்லாம் ஒன்றுதானே ஐயா' என்பர். ஒன்றல்ல என்பதற்கு நூல்களிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. நம் காலத்திலேயே ஒரு நாடு அந்த வேறுபாட்டுக்குத் தன் மண்ணையும் மக்களையும் விலையாகக் கொடுத்திருக்கிறது.

கவிதையும் கதையும் பேசப்படும் இவ்விடத்தில் அணு ஆயுத அரசியலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் அரசியல் அறிஞர் அல்லோம். ஆறே கூறுகள் கொண்ட ஒரு சிறிய ஆவணத்தைச் சொல் சொல்லாகப் படித்துப் பார்க்க விரும்புகிறோம். அவ்வளவே. படிப்பது நம் அனைவர்க்கும் பொதுவான வேலை அல்லவா?

1991ஆம் ஆண்டு இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் நெடுந்தூர அணு ஆயுதங்கள் நான்கு நாடுகளின் மண்ணில் இருந்தன: ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான். உக்ரைனில் மட்டும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176 இருந்தன. குண்டுவீச்சு விமானங்களுக்கு உரியவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1,900 அணுமுனைகள். எண்ணிக்கையில் அது உலகின் மூன்றாவது பெரிய தொகுப்பு. பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய மூன்றின் கையிருப்பையும் கூட்டினாலும் அந்த அளவை எட்டாது.

இத்தனையையும் உக்ரைன் ஏன் விட்டுக்கொடுத்தது? ஏமாந்துவிட்டது என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது எளிது. ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. முழு விடுதலைக்கு முன்பே, 1990 ஜூலை 16 அன்று வெளியிட்ட இறையாண்மைப் பிரகடனத்தில், அணு ஆயுதங்களை ஏற்பதில்லை, செய்வதில்லை, பெறுவதில்லை என்று அந்நாடு தானாகவே அறிவித்திருந்தது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மேலும், ஆயுதங்கள் உக்ரைன் மண்ணில் இருந்தனவே தவிர அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது. அவற்றைத் தன்வயப்படுத்தப் பணமும் காலமும் வேண்டும். பொருளாதாரமோ சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருசேர நெருக்கின. இந்நிலையில் உக்ரைன் கேட்டது ஒன்றுதான்: 'கொடுத்துவிடுகிறோம், நாளை எங்களுக்கு யார் காப்பு?'

அக்கேள்விக்கான விடைதான் 1994 டிசம்பர் 5 அன்று ஹங்கேரியின் தலைநகரில் கையெழுத்தான புடாபெஸ்ட் குறிப்பாணை. உக்ரைனின் குச்மா, ரஷ்யாவின் யெல்ட்சின், அமெரிக்காவின் கிளிண்டன், பிரிட்டனின் ஜான் மேஜர் ஆகியோர் கையெழுத்திட்டனர். அதே நாளில்தான் உக்ரைன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் முறைப்படி சேர்ந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். உக்ரைன் கேட்டது 'கேரண்டி'. ஆங்கில வாசகத்தில் அதற்குக் கிடைத்தது 'அஷ்யூரன்ஸ்'. முன்னதைத் தமிழில் உத்தரவாதம் என்றும் பின்னதை உறுதிமொழி என்றும் கொள்ளலாம். அமெரிக்கத் தரப்புக்கு இவ்வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. 'கேரண்டி' என்பது நேட்டோ நாடுகளைப் போன்ற கூட்டாளிகளுக்கு உரியது; தாக்கப்பட்டால் படையோடு வந்து நிற்கும் கடமை அதில் உண்டு. அக்கடமையை உக்ரைனுக்காக ஏற்க அமெரிக்கா விரும்பவில்லை. ஆவணத்தின் உக்ரைனிய, ரஷ்ய வாசகங்களிலோ உத்தரவாதம் என்ற பொருளுடைய சொல்லே நின்றது. அதனையும் ஆங்கிலச் சொல்லின் பொருளிலேயே கொள்ளவேண்டும் என்று அமெரிக்கத் தரப்பு பேச்சுவார்த்தையின்போதே தெளிவுபடுத்திக்கொண்டது. ஒரே ஆவணம், ஒரே மேசை, இரண்டு சொற்கள்.

இரண்டுக்கும் உள்ள தொலைவை நாம் அறிந்தது அகராதியில் அன்று. நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசிரியராக இருந்த எம் தந்தையார், உடன் பணியாற்றிய ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் சில தவணைகளோடு நிறுத்திக்கொண்டு வேற்றூருக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் முதல் எம் தந்தையாரின் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் அது நீடித்தது. தீபாவளித் துணி ஒரு சோடியாகக் குறைந்ததும், அம்மாவின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனதும் அந்தக் கையெழுத்தின் கணக்கில்தான். அம்மா கடிந்துகொண்டபோதெல்லாம் அவர் ஒன்றே சொல்வார்: 'ஜாமீன் என்றால் அதுதானே.'

உத்தரம் என்றால் மறுமொழி. உத்தரவாதி என்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பிணை என்ற தமிழ்ச் சொல்லோ இன்னும் இறுக்கமானது; பிணை நிற்பவர் தம்மையே அக்கடனோடு கட்டிக்கொள்கிறார். தவறு நேர்ந்தால் இழப்பு அவருடையதும் ஆகும். 'உமக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்' என்று தோளில் தட்டிக்கொடுப்பவரும் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருடைய சம்பளத்தில் பிடித்தம் எதுவும் நடக்காது.

இந்த அளவுகோலோடு புடாபெஸ்ட் குறிப்பாணையின் ஆறு கூறுகளையும் படித்துப் பார்ப்போம். முதலாவது, உக்ரைனின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் அன்றிருந்த எல்லைகளையும் மதிப்பது. இரண்டாவது, அதன்மீது படைவலிமையைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்துவதாக அச்சுறுத்துவதும் இல்லை. மூன்றாவது, பொருளாதார வழியில் நெருக்கிப் பணியவைப்பதில்லை. நான்காவது, அணு ஆயுதம் பயன்படுத்தப்படும் ஆக்கிரமிப்புக்கோ அதன் அச்சுறுத்தலுக்கோ உக்ரைன் ஆளானால், உதவி வேண்டி ஐ.நா. பாதுகாப்பு அவையை உடனே நாடுவது. ஐந்தாவது, உக்ரைன்மீது அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை, சில விலக்குகளோடு. ஆறாவது, இக்கடப்பாடுகள் பற்றிக் கேள்வி எழும் நிலை வந்தால் கூடிக் கலந்தாலோசிப்பது.

'செய்யமாட்டோம்' என்பன நான்கு அல்லது அவற்றை ஒத்தவை. 'செய்வோம்' என்பன இரண்டே: அவையை நாடுவோம், கலந்து பேசுவோம். நாடப்படும் அவையிலோ ரஷ்யாவுக்கு ரத்து அதிகாரம் உண்டு. கொடுத்த சொல்லை ஒருவர் மீறினால் மற்றவர் என்ன செய்யவேண்டும் என்ற ஏழாவது கூறு இல்லை. ஆவணத்தின் முழு எடையும் அந்த இல்லாத கூறின் மீதுதான் இருந்தது.

உக்ரைன் தன் பங்கை முழுமையாக நிறைவேற்றியது. 1996 ஜூன் தொடக்கத்தில் கடைசி அணுமுனையும் ரஷ்யாவுக்குச் சென்றுவிட்டது. பெர்வோமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் மூன்று நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் சூரியகாந்திச் செடி நட்டார்கள். அன்று அது மெய்யான மகிழ்ச்சியாகவே இருந்திருக்க வேண்டும்.

2014 மார்ச்சில் ரஷ்யா கிரீமியாவைக் கைப்பற்றித் தன்னோடு இணைத்துக்கொண்டது. உக்ரைன் ஆறாவது கூறைச் சுட்டிக் கலந்தாலோசனை கோரியது. மார்ச் 5 அன்று பாரிசில் அமெரிக்க, பிரிட்டிஷ், உக்ரைனிய அமைச்சர்கள் கூடினர். அந்நகரிலேயே இருந்த ரஷ்ய அமைச்சர் லாவ்ரோவ் அதில் கலந்துகொள்ளவில்லை. மார்ச் 15 அன்று பாதுகாப்பு அவையில் வந்த தீர்மானத்தை ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. கீவில் நடந்தது புரட்சி என்றால் அங்குத் தோன்றியிருப்பது புதிய அரசு, அந்த அரசோடு தாங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்ற வகையில் புதின் வாதிட்டார். அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை என்பது மட்டுமே தங்கள் கடப்பாடு என்று பின்னர் லாவ்ரோவ் சொன்னார். முதல் இரு கூறுகளையும் படித்தவர்க்கு இவ்விளக்கங்கள் வியப்பையே தரும்.

2022 பிப்ரவரி 24 அன்று முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியது. மறுநாள் அவையில் மீண்டும் ஒரு தீர்மானம், மீண்டும் ரத்து. இன்னொரு செய்தியும் உண்டு. 1999இல் செய்த உடன்பாட்டின்படி, உக்ரைன் தன் எரிவாயுக் கடனுக்கு ஈடாகக் குண்டுவீச்சு விமானங்களையும் கே.எச்.-55 வகை ஏவுகணைகள் பலநூற்றையும் ரஷ்யாவிடம் ஒப்படைத்திருந்தது. 2022 நவம்பரில், அணுமுனை கழற்றிய பழைய கே.எச்.-55 ஏவுகணைகளை ரஷ்யா உக்ரைன் மீது ஏவுவதாகத் தெரிகிறது என்று பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்தது.

சொல்லை மீறியது ரஷ்யா. அதில் ஐயத்துக்கு இடமில்லை. நம்மை உறுத்துவது அதனினும் நுட்பமான ஒன்று. அமெரிக்காவும் பிரிட்டனும் தாம் கையெழுத்திட்ட ஒவ்வொரு வரியையும் காத்ததாக உண்மையாகவே சொல்லிக்கொள்ள முடியும். எல்லையை அவர்கள் மீறவில்லை, கூடிப் பேசினார்கள், அவைக்கும் போனார்கள், 2022க்குப் பின் வரிக்கு வெளியிலும் ஆயுதமும் பணமும் தந்தார்கள். நால்வர் கையெழுத்திட்ட தாளில் இருவர் சொல் தவறாமல் இருக்க, காக்கப்பட வேண்டிய நாடு எரிகிறது. சொல் தவறாமலே ஒருவரைக் கைவிட இடந்தரும் ஆவணத்தை என்னவென்று அழைப்பது?

இவ்வையம் உக்ரைனுக்கு மட்டும் எழுந்ததன்று. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டைச் சோதித்த பின், குண்டில்லா நாடுகளுக்கு வல்லரசுகள் காப்பளிக்க வேண்டும் என்ற கருத்தைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி எழுப்பினார். 1967இல் பிரதமரின் செயலர் எல்.கே. ஜா அந்தக் காப்பைத் தேடி மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் சென்றுவந்தார். கிடைத்தது 1968 ஜூன் 19 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 255ஆம் தீர்மானம். அணு ஆயுதத் தாக்குதலுக்கு ஆளாகும் நாட்டுக்கு உதவ அவையின் வழியே உடன் செயற்படுவதாகச் சில வல்லரசுகள் வெளிப்படுத்திய எண்ணத்தை அது வரவேற்றது. பத்து நாடுகள் ஆதரித்தன. விலகி நின்ற ஐந்தில் இந்தியா ஒன்று. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா தன் முதல் வெடிப்பை நிகழ்த்தியது. அதன் காரணங்கள் பல. உறுதிமொழியை உத்தரவாதமாக எண்ண இயலாமை அவற்றுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

2022 மார்ச்சில் ஒரு மாணவி கேட்டாள். அவள் தம்பி கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன். நிலவறையில் ஒளிந்திருந்து, எல்லை கடந்து, அப்போதுதான் ஊர் வந்து சேர்ந்திருந்தான். 'குண்டைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அடித்திருப்பார்களா ஐயா?'

இருக்காது என்று சொல்லிவிடலாம். வகுப்பும் அதையே எதிர்பார்த்தது. நம்மால் சொல்ல முடியவில்லை. ஏவும் அதிகாரம் தன்னிடம் இல்லாத குண்டு அது. வைத்திருந்தால் பிறந்தவுடனேயே அந்நாடு தனித்து விடப்பட்டிருக்கலாம். அன்றியும், அவ்விடையை மெய்யென்று கொண்டால் அணு ஆயுதமற்ற ஒவ்வொரு நாடும் குண்டு செய்யத்தான் வேண்டும். அவ்வுலகில் அவளுடைய தம்பி ஒளிந்துகொள்ள நிலவறையும் பயன்படாது. 'கொடுத்தது அறிவான செயல்தான் அம்மா; வாங்கியதுதான் போதவில்லை' என்றோம். 'போதாது என்று அவர்களுக்குத் தெரியாதா?' என்றாள். தெரியும், அதனால்தான் உத்தரவாதம் கேட்டார்கள். கொடுக்க எவரும் முன்வரவில்லை.

மெய்யான உத்தரவாதம் எப்படி இருக்கும் என்பதற்கும் உலகில் சான்று உண்டு. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருக்கிறார்கள். அந்நாடுகள் தாக்கப்பட்டால் அமெரிக்கக் குடும்பங்களிலும் இழவு விழும். அது சம்பளப் பிடித்தம் உள்ள கையெழுத்து. அடிமைத்தனத்தின் சாயலும் அதில் உண்டு என்பாரை நாம் மறுக்கமாட்டோம். வேறொரு வழியும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1967இல் தம் நிலப்பரப்பை அணு ஆயுதமற்றதாக அறிவித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அவற்றின்மீது அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை என்ற இணைப்பு உடன்படிக்கைக்கு ஐந்து அணு வல்லரசுகளும் சட்டப்படி ஒப்புதல் அளித்துள்ளன. அதுவும் 'செய்யமாட்டோம்' வகைதான். ஆயினும் குறிப்பாணையை விடக் கனமானது.

2024 டிசம்பரில், புடாபெஸ்டின் முப்பதாம் ஆண்டில், உக்ரைன் வெளியுறவு அமைச்சர் சிபிஹா அந்தக் குறிப்பாணையையே கையோடு எடுத்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸில் நேட்டோ கூட்டத்துக்குச் சென்றார். இனி இதுபோன்ற தாள் வேண்டாம் என்பதே அவர் சொல்ல வந்தது. 2025இல் போரை நிறுத்துவது பற்றிய பேச்சுகளில் 'பாதுகாப்பு உத்தரவாதம்' என்ற சொல் மீண்டும் மையத்துக்கு வந்தது. இம்முறை அச்சொல் மூன்று மொழிகளிலும் ஒரே பொருளில் எழுதப்படவேண்டும்.

ஏனெனில் படிப்பது உக்ரைன் மட்டுமன்று. பரவல் தடை ஒப்பந்தத்தில் குண்டு வேண்டாம் என்று கையெழுத்திட்ட நாடுகள் நூற்றெண்பதுக்கும் மேல். அவை ஒவ்வொன்றும் வல்லரசுகளிடம் கேட்க உரிமையுள்ள கேள்வி ஒன்று உண்டு. கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரரின் பெயருக்கு நேரே எழுதப்படுவதும் அதன் விடைதான்: இச்சொல் பொய்த்தால் உமக்கு என்ன நட்டம்? அந்த இடம் வெறுமையாக இருக்கும் தாளில் எத்தனை தலைவர்கள் கையெழுத்திட்டாலும் அது உறுதிமொழி மட்டுமே.