சென்னை மாகாணம் என்றொரு படையணி

1940-ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரை வரலாற்று நூல்கள் ‘பிரிட்டன் சமர்’ என்று குறிக்கின்றன. பிரான்ஸ் வீழ்ந்துவிட்டிருந்தது. கால்வாயைக் கடந்து ஹிட்லரின் படை கரையிறங்க வேண்டுமானால் முதலில் வானம் அவர் வசமாக வேண்டும். அதைத் தடுத்து நின்றவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். அவர்களில் 544 பேர் அந்தச் சமர் முடிவதற்குள் மாண்டார்கள். ஆங்கிலேயர் மட்டுமல்லர், போலந்துக்காரர்கள், செக் நாட்டினர், நியூஸிலாந்துக்காரர்கள் எனப் பலரும் அந்தக் கணக்கில் உண்டு.

இந்தச் சரித்திரத்துக்கும், வரகும் நிலக்கடலையும் விளைகிற எங்கள் அரியலூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? அரச விமானப் படையின் படையணிப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகளின் எண்களுக்கு அருகே ‘மெட்ராஸ் பிரெசிடென்ஸி’ என்ற பெயர் காணப்படுகிறது. நம் மாகாணத்தின் பெயர்தான். போர்க்காலத்தில் இங்கிருந்து திரட்டி அனுப்பிய நன்கொடைக்கு நன்றியாகச் சூட்டப்பட்ட பெயர் அது.

விமான உற்பத்தி அமைச்சராக இருந்த பீவர்புரூக் பிரபு நன்கொடையாளர்களுக்காக ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு 5,000 பவுன் என்று விலை வைத்திருந்தார். உண்மையான செலவு அதைவிட அதிகம்; கொடுப்பவர் மனத்தில் நிற்பதற்கான முழு எண் அது. அன்றைய நாணய மாற்றில் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங். அப்படியானால் ஒரு விமானம் ஏறத்தாழ 66,667 ரூபாய். அணாக் கணக்கில் பத்து லட்சத்து அறுபத்தாறாயிரத்துக்கும் மேல்.

அணாக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் என் தாத்தா. அப்போது அரியலூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு மூலை. கிஸ்தி கட்டப் போன இடத்தில் ‘வார் ஃபண்டு’ என்று எட்டணா தனியாக வாங்கிக்கொண்டார்களாம். “இஷ்டமிருந்தால் கொடு என்றுதான் சொன்னார்கள். மணியக்காரர் எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்கும்போது இஷ்டமில்லை என்று எவன் சொல்வான்?” என்பார். அதுவரை அவர் ஆகாய விமானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சீமந்தமோ கருமாதியோ, எந்த மொய்க்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருந்த மனிதர். இந்த எட்டணாவுக்கு மட்டும் கணக்கு எழுதவில்லை. திரும்பி வராத மொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1940-இல், அக்டோபர் 17 அன்று, வினோபா பாவேயை முதல் சத்தியாக்கிரகியாகக் கொண்டு காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். ஆளாலோ பொருளாலோ இந்தப் போருக்கு உதவுவது தவறு என்று பொது இடத்தில் நின்று சொல்வதுதான் போராட்டம். மாகாணத்தின் முன்னாள் பிரதமர் ராஜாஜி டிசம்பரில் கைதாகிச் சிறை சென்றார். காசு கொடுக்காதே என்று சொன்னவர் சிறையில். கொடுத்தவர்களின் மாகாணப் பெயர் விமானப் படையில். இரண்டும் ஒரே மண்ணின் கதை.

அந்தப் பெயரைத் தாங்கிய படையணிகள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 264-ஆம் படையணி ஓட்டியது டிஃபையன்ட் என்ற இருவர் விமானம். நான்கு துப்பாக்கிகளும் விமானிக்குப் பின்னால் இருந்த சுழல்மேடையில். முன்னோக்கிச் சுட ஒன்றுகூடக் கிடையாது. 1940 மே மாதம் டன்கிர்க்கில் அது எதிரியைத் திகைக்கவைத்தது. ஆகஸ்டு கடைசியில், சில நாட்களுக்குள், தலைவரையும் பல இளைஞர்களையும் பறிகொடுத்துப் பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு இரவுக் காவலுக்கு மாறியது.

234-ஆம் படையணியில் பாட் ஹியூஸ் என்றொரு ஆஸ்திரேலியர் இருந்தார். பத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியவர். அந்த ஆகஸ்டில்தான் திருமணம். செப்டம்பர் 7 அன்று மாண்டபோது இருபத்து மூன்று வயது நிறைய இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அவருடன் பறந்த பாப் டோவுக்கு அப்போது வயது இருபது. அவர் பிழைத்து, போரின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, இந்திய விமானப் படையின் பத்தாம் படையணிக்குத் தலைமையேற்று பர்மா முனையில் போரிட்டார்.

ஆனால் சென்னையின் வானத்தை யார் காத்தார்கள்? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஹரிக்கேன் விமானிகள் எதிர்கொண்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நகரம் காலியாகத் தொடங்கியது. கார்டு லைன் ரயிலில் அண்டா குண்டாவுடன் வந்து இறங்கிய உறவினர்கள் மாதக்கணக்கில் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 79-ஆம் படையணி அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது உண்மை. ஆனால் வங்காள, பர்மா முனைக்காக. சென்னையின் பெயரை வைத்துக்கொண்ட விமானங்கள் சென்னைக்கு மேலே காவல் பறக்கவில்லை.

இதை ஹியூஸின் மீது குற்றமாகச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. நாஜிகள் வென்றிருந்தால் உலகத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை யோசிக்கும் எவரும் அந்த இளைஞர்களுக்குக் கடன்பட்டவர்களே. தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ள ஒரு நாடு தான் அடிமைப்படுத்தி வைத்திருந்த மக்களிடம் காசு கேட்டது என்பதும் அதே அளவு உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் எழுதி நடுவது தமிழ் மரபு. திருச்சி காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போருக்கு ஒரு நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. போனவர்கள் எத்தனை, மாண்டவர்கள் எத்தனை என்று எண்ணிக்கை சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. படையணிப் பெயரும் அத்தகையதே. கொடுத்தவர்களைக் குறிக்கிறது, கொடுத்தவர் எவர் என்பதைக் குறிப்பதில்லை. அந்த மாகாணமும் இன்று இல்லை. 1969-லிருந்து மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. எங்கள் பகுதி திருச்சியிலிருந்து பெரம்பலூராகி, பிறகு தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 அன்று பிரிட்டனில் அந்த விமானிகளை நினைவுகூர்கிறார்கள். முறையான மரியாதைதான். விமானியின் பெயர் நமக்குக் கிடைக்கிறது, வயது கிடைக்கிறது, மாண்ட நாள் கிடைக்கிறது. எட்டணா கொடுத்தவர்களைப் பற்றி வீடுகளில் வாய்மொழியாக மட்டுமே தெரியும். அதைக் கேட்டவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. கேட்டவர்கள் அவரவர் வீட்டுக் கதையை எழுதி வைத்தால் நல்லது.