உளி வைத்தால் வைத்ததுதான்

பிள்ளையார்பட்டிக்குப் போனால், கற்பக விநாயகரைக் கும்பிட்ட கையோடு அவரைச் செதுக்கிய சிற்பியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மலையைக் குடைந்து செய்த உருவம். தும்பிக்கை வலப்பக்கம் என்று உளி வைத்தால் வைத்ததுதான். அப்புறம் மாற்ற வழியில்லை.

2000-ல் வெளிவந்த 'டயாப்ளோ 2' கம்ப்யூட்டர் விளையாட்டும் இந்த ஜாதிதான். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு திறமைப் புள்ளி தருவார்கள். மந்திரக்காரியாக ஆடினால் அதை நெருப்பில் போடலாம், பனியில் போடலாம், மின்னலில் போடலாம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டவர் பாதியில் திணறுவார். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். 2010-ல்தான் மனமிரங்கி, மாற்றிக்கொள்ள விட்டார்கள். 2012-ல் வந்த மூன்றாம் பாகத்திலோ நினைத்தபோதெல்லாம் மாற்றலாம். 'அப்போ யோசிச்சு என்ன பிரயோஜனம்?' என்று கேட்கத் தோன்றும்.

நியாயம்தான். மாற்ற முடியாது என்றால்தான் கை நடுங்கும், நடுங்கினால்தான் யோசிப்போம். ஆனால் அது விளையாட்டுக்கும் கல்லுக்கும் சரி. பதினைந்து வயசுப் பிள்ளையை ப்ளஸ் ஒன்னில் 'ஃபர்ஸ்ட் குரூப்தான்' என்று தள்ளிவிட்டு, அப்புறம் மாறவே கூடாது என்கிறோமே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு தடவையாவது புள்ளிகளைத் திருப்பிக் கொடுங்கள் சார்.