மரத்தில் ஒரு கால்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையிலிருந்து கிளைக்கும் ஒரு தெருவில், இடிபட்ட பழைய வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் நிலைகளையும் விலைக்கு வாங்கி, அவற்றில் புதைந்து கிடக்கும் ஆணிகளைப் பிடுங்கி, மறுபடியும் கதவாகவும் கட்டிலாகவும் பூஜை மாடமாகவும் ஆக்கித் தரும் மரப்பட்டறை ஒன்று உண்டு. ரியாஸ் கோமு என்னும் சிற்பியின் கலையைப் பற்றி எழுத எண்ணிய எனக்கு, அவர் விரும்பிக் கையாளும் பொருளான பழைய மரத்தோடு தினந்தோறும் மல்லாடுகிறவர்களிடம் முதலில் பாடம் கேட்பதே முறை என்று பட்டதால், அங்கே போனேன்.

திருச்சூரில் 1971-ல் பிறந்து, 1992-ல் இலக்கியம் பயிலப் பம்பாய் சேர்ந்து, அவ்வாண்டின் இறுதியில் அந்நகரைப் பிளந்த மதக் கலவரத்தின் காலத்திலேயே கலைஞராக உருவானவர் கோமு. போஸ் கிருஷ்ணமாச்சாரியுடன் சேர்ந்து 2012-ல் கொச்சி–முசிறி பினாலேயைத் தொடங்கியவர் என்றுதான் நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால் கால்பந்து வீரனின் தேகத்தின்மேல் அரசாங்கங்களும் யுத்தங்களும் எப்படிப் பாரமாய் இறங்குகின்றன என்பதை ஓவியத்திலும் புகைப்படத்திலும் மரத்திலும் அவர் விடாப்பிடியாகக் காட்டி வந்திருப்பதே எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

அவர் செதுக்கிய கால்களின் படத்தைப் பட்டறைப் பெரியவரிடம் நீட்டினேன். கலையென்றோ அரசியலென்றோ அவர் பேசவில்லை. கணுக்காலின்மேல் விரலை வைத்தார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நார் ஓட்டம் நெடுக்காகப் போவதால் அங்கே மரம் உளிக்கு இணங்கும் என்றும், பாதம் முன்னோக்கித் திரும்பும் இடத்தில் அதே நார் குறுக்காகிவிடுவதால், ஒரே கட்டையில் செதுக்கினால் விரல்கள் சிறு இடியிலேயே ஒடிந்துபோகும் என்றும் விளக்கினார். “பாதத்தைத் தனியா செஞ்சு, கழுந்து வெச்சுப் பூட்டணும் சார், இல்லேன்னா நிக்காது” என்றார். இதைச் சொல்லும்போதே, ஒரு பர்மாத் தேக்குத் துண்டைத் தம் இரு உள்ளங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெடிப்போடி விரிந்திருந்த அந்தப் பாதங்களே அவருடைய பட்டறைப் பிடி.

நம் நாற்சந்திகளில் நிற்கும் தலைவர்களின் சிலைகளில் முகத்துக்கும் உயர்த்திய கைக்கும் காட்டப்படும் சிரத்தையில் கால்பங்குகூடக் காலுக்குக் காட்டப்படுவதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம். விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள், 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் பூட்ஸ் இன்றி வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 1–2 என்று தோற்ற நம் கால்பந்து அணியின் சரித்திரம் முழுவதும் பாதத்தில்தானே இருக்கிறது! ஈராக்கில் சதாம் உசேனின் மகன் உதய், ஒலிம்பிக் கமிட்டியின் தலைமையில் இருந்த காலத்தில், ஆட்டத்தில் தோற்றவர்கள் சிறையில் உள்ளங்காலில் அடிபட்ட கொடுமையை அவ்வீரர்களே பின்னர் வெளியிட்டார்கள். அந்த நாட்டின் அணிதான், யுத்தத்தின் நடுவிலும், 2007 ஜூலை 29 அன்று ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1–0 என்று வென்று ஆசியக் கோப்பையை ஏந்திற்று. ஈராக் வீரர்களைத் தம் கலைக்குப் பொருளாக்கிய கோமு காலைத் தனியே எடுத்து மரத்தில் நிறுத்தும்போது, அடிபட்ட உறுப்பும் ஆடிய உறுப்பும் ஒன்றே என்ற உண்மை நம் நெஞ்சில் தைக்கிறது.

இவற்றைச் சொல்லி முடித்தபோது பெரியவரின் உளி நின்றிருந்தது. உள்ளங்காலில் அடித்தால் மறுநாள் எப்படி நடப்பான் என்று கேட்டார். ‘நடக்க வைத்தார்கள்’ என்றேன். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக் கூடத்துக்குக் கோமுவின் அந்த மரக்கால்கள் ஒருநாள் வந்து சேர வேண்டும், தாம்பரத்துத் தச்சர்களை நான் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. பெரியவருக்கும் சம்மதமே, கையால் தொட்டுத் திருப்பி, கழுந்து எங்கே இருக்கிறதென்று பார்க்க விடுவார்களா என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.